இலெவன் மைல் ஏரியில் டிரவுட், பைக் மீன்கள்: புதிதாகத் தூண்டில் போடுபவர்களுக்கு

டென்வர், கொலராடோ ஸ்பிரிங்ஸ் பக்கம் குடிவந்த நம்மவர்களில் பலருக்கும் ஊரில் குளத்திலும் வாய்க்காலிலும் தூண்டில் போட்டுப் பழக்கம் இருக்கும். இங்கே வந்ததும் ஆசை வரும், ஆனால் எங்கே போவது, என்ன காகிதம் வேண்டும், எப்போது போனால் மீன் கிடைக்கும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் அலைந்தேன். தேவையான தகவல் எல்லாம் இருக்கிறது, ஆனால் நாலு இடத்தில் சிதறிக் கிடக்கிறது. அதை ஓரிடத்தில், போக வேண்டிய வரிசையில் எழுதி வைக்கிறேன்.

நான் சொல்லும் இடம் இலெவன் மைல் ஸ்டேட் பார்க். சவுத் பிளாட் ஆற்றின் குறுக்கே அணை கட்டித் தேக்கிய ஏரி. டென்வர் நகரத்தின் குடிநீர் இது. கரை சுமார் 8,600 அடி உயரத்தில் இருக்கிறது, அதாவது நம் தொட்டபெட்டா உச்சிக்குக் கிட்டத்தட்டச் சமம். ரெயின்போ டிரவுட், பிரவுன் டிரவுட், கட்த்ரோட், கொக்கனி சால்மன், நார்தர்ன் பைக் (மற்ற மீனைத் தின்னும், கூர்மையான பல் உள்ள மீன்) என ஒரே நீரில் பல மீன் உண்டு. ஐஸ் உறைந்த மாதங்களிலும் பூங்கா திறந்திருக்கும் என்பதால்தான் புதியவர்களுக்கு இதைச் சொல்கிறேன். கற்றுக்கொள்ள ஆரம்பித்த இடத்திலேயே பன்னிரண்டு மாதமும் தொடரலாம்.

1. முதலில் எந்த நீர் என்று தெளிவாகுங்கள்

பலரும் தடுமாறுவது இங்கேதான். ஒரே ஆற்றில், அடுத்தடுத்து, பெயரும் ஒன்றுபோல இருக்கும் நான்கு இடங்கள் இருக்கின்றன. நான்குக்கும் விதி வேறு.

மேலே இருப்பது ஸ்பின்னி மவுண்டன் ஏரி. அங்கே செயற்கை இரையும் ஃபிளையும் (பூச்சி மாதிரி கட்டிய முள்) மட்டும்தான். மண்புழுவோ மாவோ போடக் கூடாது. குளிர்காலத்தில் பூங்காவை மூடிவிடுவார்கள்.

ஸ்பின்னியிலிருந்து இலெவன் மைலுக்கு ஓடி வரும் ஆற்றுப் பகுதி சார்லி மேயர்ஸ் வனவிலங்குப் பகுதிக்குள் வருகிறது. 'டிரீம் ஸ்ட்ரீம்' என்று சொல்வது இதைத்தான். இங்கும் செயற்கை இரைதான், பிடித்த டிரவுட்டைத் திரும்ப விட்டாக வேண்டும். ஏரியின் மேற்குக் கோடியில் மண்புழுவோடு நடந்து நடந்து ஆற்றுக்குள் போய்விட்டால் அபராதம் நிச்சயம். எல்லைப் பலகையைப் பார்த்து நில்லுங்கள்.

அடுத்தது நம் ஏரி. நான்காவது, அணைக்குக் கீழே உள்ள இலெவன் மைல் கேன்யன். அது தேசிய வனத்துறைக்குச் சொந்தம், அதற்குத் தனிக் கட்டணம். போனில் வெறுமனே 'இலெவன் மைல்' என்று தேடினால் சில சமயம் கேன்யனுக்குக் கூட்டிப் போய்விடும். அந்தப் பாதை அணையடியோடு முடிந்துவிடுகிறது, ஏரிக்கு அங்கிருந்து வழி கிடையாது. அதனால் 'இலெவன் மைல் ஸ்டேட் பார்க்' என்று முழுப் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

2. லைசென்ஸ்: யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதி வரை

மீன்பிடி லைசென்ஸ் தருவது மாநிலத்தின் 'கொலராடோ பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப்' துறை. 16 வயது நிறைந்த எவருக்கும் லைசென்ஸ் வேண்டும். அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குத் தேவையில்லை.

கொலராடோவாசிக்கான குறைந்த விலை உங்களுக்குக் கிடைக்க, மாநிலத்தில் தொடர்ந்து ஆறு மாதம் குடியிருந்திருக்க வேண்டும். டெக்சாஸிலிருந்தோ நியூ ஜெர்சியிலிருந்தோ போன மாதம்தான் மாறி வந்தீர்கள் என்றால், கையில் கொலராடோ ஓட்டுநர் உரிமம் இருந்தாலும் ஆறு மாதக் கணக்கு முடியவில்லை. பொய் சொல்லி உள்ளூர் விலையில் வாங்குவது குற்றம். அந்த மாதங்களில் ஒருநாள் லைசென்ஸ் வாங்கிச் சமாளியுங்கள்.

விலை பணவீக்கத்தோடு சேர்த்து ஆண்டுதோறும் கொஞ்சம் ஏறும், அதனால் தோராயமாகச் சொல்கிறேன். உள்ளூர்வாசிக்கு ஆண்டு லைசென்ஸ் 40 டாலர் சுற்றி. வெளிமாநிலத்தவருக்கு 100 டாலருக்கு மேல். ஒருநாள் லைசென்ஸ் யாருக்கும் 20 டாலருக்குள் முடியும். 18 முதல் 64 வயதுவரை உள்ளவர்கள் ஆண்டு லைசென்ஸோடு 'ஹேபிடாட் ஸ்டாம்ப்' (வனவிலங்கு வாழிடத்துக்கான கட்டணம்) என்று ஒன்றும் வாங்க வேண்டும், அது சுமார் 12 டாலர். ஆண்டுக்கு ஒருமுறை வாங்கினால் போதும்.

லைசென்ஸ் ஆண்டு மார்ச் 1-ல் தொடங்கி அடுத்த ஆண்டு மார்ச் 31-ல் முடிகிறது. பிப்ரவரியில் புது லைசென்ஸ் வாங்கப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: அது மார்ச் மாதத்தோடு காலாவதி ஆகிவிடும். ஒருநாள் லைசென்ஸ் எடுத்து அந்த வாரத்தை ஓட்டிவிட்டு, மார்ச் 1 வந்ததும் ஆண்டு லைசென்ஸ் எடுங்கள். பதின்மூன்று மாதம் கையில் இருக்கும்.

வாங்குவது எளிது. துறையின் இணையதளம், வால்மார்ட், விளையாட்டுப் பொருள் கடைகள், துறை அலுவலகங்கள் எங்கும் கிடைக்கும். அடையாள அட்டை வேண்டும், சோஷியல் செக்யூரிட்டி எண் இருப்பவர்களிடம் அதைக் கேட்பார்கள். மீன்பிடி லைசென்ஸைத் துறையின் செயலியிலேயே காட்டலாம், ஆனால் ஏரிக்கரையில் சிக்னல் நம்ப முடியாது. ஒரு பிரதி எடுத்துச் சட்டைப் பையில் வையுங்கள்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், அவர்களையும் கூட்டிப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க லைசென்ஸ் வேண்டாம். "ஒரு நிமிஷம் பிடிச்சிக்கோப்பா" என்று கம்பை அவர் கையில் கொடுத்துவிட்டால் அவர் மீன் பிடிப்பவராகிவிடுகிறார். ஒருவர் லைசென்ஸில் இன்னொருவர் பிடிக்க முடியாது. அப்பாவுக்கு ஆசை இருந்தால் பாஸ்போர்ட்டைக் கொண்டு போய், கடையில் நேரடியாக வெளியூரார் ஒருநாள் லைசென்ஸ் வாங்கிக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஜூன் மாதத்தின் முதல் முழு வாரக்கடைசியில் கூட்டிப் போங்கள். அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் மாநிலம் முழுக்க லைசென்ஸ் இல்லாமல் யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். மற்ற விதிகள் அன்றும் உண்டு.

ஒரு லைசென்ஸுக்கு ஒரு கம்புதான். இரண்டு கம்பு போட 'செகண்ட் ராட் ஸ்டாம்ப்' தனியாக வாங்க வேண்டும். அதனால் மீன் வரம்பு இரட்டிப்பாகாது.

3. பூங்கா நுழைவுக் கட்டணம்

லைசென்ஸ் வேறு, நுழைவு வேறு. ஸ்டேட் பார்க்குக்குள் போகும் ஒவ்வொரு காருக்கும் பாஸ் வேண்டும். ஒருநாள் பாஸ் 10 டாலர் சுற்றி வரும்.

ஆனால் காசு கொடுப்பதற்கு முன் உங்கள் காரின் பதிவு அட்டையை எடுத்துப் பாருங்கள். 2023 முதல் கொலராடோவில் கார் பதிவைப் புதுப்பிக்கும்போதே 'கீப் கொலராடோ வைல்ட் பாஸ்' என்று சேர்த்துவிடுகிறார்கள். வேண்டாம் என்று நாம் சொன்னால்தான் எடுப்பார்கள். தொடங்கியபோது அதன் விலை 29 டாலர். பலர் அதைக் கட்டியது தெரியாமலே வாசலில் மறுபடி காசு கொடுக்கிறார்கள். பாஸ் இருந்தால் அதன் சின்னம் பதிவு அட்டையில் அச்சாகியிருக்கும், அதைக் காட்டினால் போதும். அந்தப் பாஸ் அந்த ஒரு காருக்கு மட்டும்தான். நண்பர் காரில் போனால் செல்லாது. பூங்கா வாசலில் ஆள் இல்லாத நேரமும் உண்டு, சில்லறையாகக் கொஞ்சம் டாலர் வைத்திருங்கள்.

4. போகும் வழி

கொலராடோ ஸ்பிரிங்ஸிலிருந்து யு.எஸ். 24-ல் மேற்கே போக வேண்டும். உட்லண்ட் பார்க், ஃப்ளோரிசன்ட், லேக் ஜார்ஜ் தாண்டி ஒரு மைல் போல் போனதும் இடது பக்கம் திரும்பினால் கவுண்ட்டி ரோடு 90, பிறகு 92. ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். டென்வரிலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல், ஐஸ் கட்டி, தண்ணீர் எல்லாவற்றையும் பெரிய ஊரிலேயே வாங்கி ஏற்றிவிடுங்கள். ஏரியைச் சுற்றி மரமில்லாத புல்வெளி, நிழல் என்ற பேச்சே இல்லை. தொப்பி, சன்ஸ்கிரீன், காற்றுத் தடுக்கும் மேலங்கி மூன்றும் கோடையிலும் வேண்டும். உயரத்தால் சிலருக்குத் தலைவலி வரும், நிறையத் தண்ணீர் குடியுங்கள். ஏரியில் இறங்கிக் குளிக்க அனுமதி இல்லை, பிள்ளைகளிடம் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்.

5. சாமான்: என்ன வாங்குவது, என்ன வேண்டாம்

படகு வாங்காதீர்கள். முதல் வருடம் கரையிலிருந்தே போதும். எஞ்சின் படகு என்றால் பதிவு வேண்டும், 'ஏ.என்.எஸ். ஸ்டாம்ப்' (வேற்று நீருயிர் பரவாமல் தடுக்க வாங்கும் கட்டணம்) உள்ளூர்வாசிக்கு 25 டாலர், ஒவ்வொரு முறையும் நீரில் இறக்குமுன் வேற்று நீருயிர் ஒட்டியிருக்கிறதா என்று சோதனை வேறு. சோதனை செய்பவர்கள் இருக்கும் நேரத்தில்தான் படகு இறக்க முடியும். கையால் தூக்கி இறக்கும் கயாக்குக்கு இந்தச் சோதனையும் ஸ்டாம்பும் இல்லை. ஆனால் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் கட்டாயம். மதியத்துக்கு மேல் இந்த ஏரியில் அடிக்கும் காற்று கயாக்கை எதிர்க்கரைக்குத் தள்ளிவிடும், காலையிலேயே கரையேறிவிடுங்கள்.

டிரவுட்டுக்கு ஆறரை, ஏழு அடி ஸ்பின்னிங் கம்பும் ரீலும் சேர்ந்த செட் ஒன்று, 50 டாலர் போல். 4 முதல் 6 பவுண்டு நரம்பு. ஓடும் ஈயக்குண்டு ஒன்று, அதற்குக் கீழே ஒன்றரை, இரண்டு அடி மெல்லிய நரம்பு, நுனியில் சின்ன முள். முள்ளில் பவர்பெயிட் என்ற மிதக்கும் மாவு. ஈயம் அடியில் கிடக்க, மாவு பாசிக்கு மேலே மிதந்து நிற்கும். மாவைப் பட்டாணி அளவுக்கு உருட்டினால் போதும். எலுமிச்சை அளவுக்குப் போட்டால் டிரவுட் கொத்திக் கொத்திப் பார்த்துவிட்டுப் போய்விடும். உட்கார்ந்து காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் காஸ்ட்மாஸ்டர் போன்ற சின்ன உலோகக் கரண்டியை (பளபளக்கும் செயற்கை இரை) வீசி இழுங்கள்.

பைக்குக்கு வேறு கம்பு. கனமான கம்பு, 15 பவுண்டுக்கு மேல் நரம்பு, முனையில் எஃகு லீடர், அதாவது நரம்புக்கும் முள்ளுக்கும் நடுவே கட்டும் எஃகுக் கம்பி. லீடர் இல்லாமல் போடாதீர்கள். அதன் பல் சாதாரண நரம்பைப் பிளேடு மாதிரி நறுக்கிவிடும், முள்ளும் இரையும் மீன் வாயிலேயே தங்கிவிடும். பெரிய கரண்டி, மீன் வடிவ ரப்பர் இரை, அல்லது கடையில் பாக்கெட்டில் விற்கும் செத்த நெத்திலி, ஸ்மெல்ட் என்ற சின்ன மீன். நீண்ட மூக்குக் குறடு ஒன்றும், வாயைப் பிளந்து வைக்கும் கம்பியும் கட்டாயம் வாங்குங்கள்.

நம் ஊர்ப் பழக்கங்கள் இரண்டு இங்கே செல்லாது. ஒன்று, உயிர் மீனை இரையாகக் கோப்பது. 7,000 அடிக்கு மேலே உள்ள நீரில் உயிர் மீன் இரைக்குத் தடை, நம் ஏரி அதைவிட மிக உயரம். இரண்டு, மீனைக் கூட்ட சோறு, பொரி, மாவு உருண்டை எல்லாம் தண்ணீரில் வீசுவது. அதுவும் குற்றம். கம்பை நட்டுவிட்டுக் காருக்குப் போய்த் தூங்குவதும் கூடாது, பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

6. எந்த மாதம், எங்கே, எப்படி

ஏப்ரல் பிற்பாதி வாக்கில் ஐஸ் உடைகிறது. அதிலிருந்து மே முடியும்வரை புதியவர்களுக்கு இதைவிட நல்ல காலம் இல்லை. டிரவுட் கரையை ஒட்டியே மேயும். அதே நாட்களில் பைக் முட்டையிடுவதற்காகச் சூடேறிய ஆழமில்லாத குடாக்களுக்கு வரும். போன வருடப் பாசி கிடக்கும் மேற்குப் பக்கத்துச் சின்னக் குடாக்களைப் பாருங்கள். இந்த ஒரு பருவத்தில்தான் கரையில் நிற்பவருக்கும் படகில் இருப்பவருக்கும் ஒரே அளவு வாய்ப்பு. விடுமுறை நாள் மிச்சம் இருந்தால் மே மாதத்துக்கு வையுங்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட்வரை டிரவுட் குளிர்ந்த ஆழத்துக்குப் போய்விடும். விடியலுக்கு முன் கரையில் இருக்க வேண்டும்; பத்து மணிக்கு மேல் கொத்து குறையும். ஜூலை, ஆகஸ்டில் மதியம் இடி மின்னல் அனேகமாகத் தினமும் உண்டு. மரமில்லாத வெளியில் நீளமான கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்பதை மறக்காதீர்கள். முதல் இடிச் சத்தம் கேட்டதும் கம்பைக் கீழே போட்டுவிட்டுக் காருக்குள் போய்விடுங்கள்.

செப்டம்பர், அக்டோபரில் நீர் குளிர்ந்ததும் டிரவுட் திரும்பக் கரைக்கு வரும். பிரவுனும் கொக்கனியும் முட்டையிட ஆறு சேருமிடத்தை நோக்கிப் போகும். பைக்கும் குளிருக்கு முன் வெறியோடு தின்னும். கூட்டம் குறைவு, காற்றும் பரவாயில்லை.

டிசம்பர் வாக்கில் ஏரி உறைகிறது. ஐஸில் துளை போட்டுப் பிடிப்பது தனிக் கலை, ஆனால் செலவு குறைவு. கையால் சுற்றும் துளைக்கருவி, முழ நீளத் தூண்டில், சின்ன ஜிக் (ஈயத் தலை வைத்த முள்) போதும். டிரவுட் பெரும்பாலும் கரைக்குப் பக்கத்தில், ஆழமில்லாத இடத்திலேயே கிடைக்கும். பைக்குக்கு 'டிப்-அப்' என்ற கொடிக் கருவியில் செத்த மீனைக் கோத்து வைப்பார்கள். இழுத்தால் கொடி நிமிரும். அதுவும் ஒரு தூண்டில் கணக்குதான்.

ஐஸ் விஷயத்தில் மட்டும் யார் பேச்சையும் நம்பாதீர்கள். நடப்பதற்குக் குறைந்தது 4 அங்குலம் தெளிந்த கெட்டி ஐஸ் வேண்டும், அதுவும் ஒரு இடத்தில் 4 அங்குலம் இருந்தால் நாற்பது அடி தள்ளியும் இருக்கும் என்று அர்த்தமில்லை. கடப்பாரையால் முன்னே குத்திக் குத்திப் பார்த்து நடங்கள். ஆறு வந்து சேரும் இடத்திலும், விரிசல் ஓடி மேடிட்ட இடத்திலும், பனி மூடிய இடத்திலும் ஐஸ் மெல்லியதாக இருக்கும். கழுத்தில் ஐஸ் குத்தூசி ஜோடி, பூட்ஸில் முள்பட்டை, மாற்றுத் துணி காரில். தனியாகப் போகவே போகாதீர்கள். முதல் குளிர்காலத்தில் ஜனவரி, பிப்ரவரியில் பழகிய ஆட்கள் நிறையப் பேர் நிற்கும் வாரக்கடைசியாகப் பார்த்துப் போங்கள்.

7. மீன் மாட்டிய பிறகு

டிரவுட்டைத் திரும்ப விடுவதானால் கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள். காய்ந்த கை அதன் மேல் வழவழப்பை உரித்துவிடும். முள்ளை விழுங்கியிருந்தால் பிடுங்காதீர்கள், நரம்பை வாயருகே வெட்டிவிடுங்கள்.

பைக்கைக் கரையேற்றியதும் ஒரு நொடி அசையாமல் கிடக்கும். அந்த நேரம் பார்த்து வாயில் விரல் விடாதீர்கள். கீழ்த்தாடையில் ஊசிப் பல். மேலண்ணத்திலும் வரிசை வரிசையாக உள்நோக்கிச் சாய்ந்த பல் இருக்கும், போன விரல் திரும்பி வராது. செவுள் மூடிக்குள் ஓரமாக விரலைக் கொடுத்து, சிவந்த செவுளைத் தொடாமல், தாடை எலும்பு சேரும் இடத்தில் பிடித்துத் தூக்குங்கள். வாய் தானாகத் திறக்கும். பிறகு கம்பியை வைத்து, குறடால் முள்ளை எடுங்கள்.

எத்தனை வைத்துக்கொள்ளலாம்? மாநிலப் பொது விதிப்படி டிரவுட் நாளைக்கு 4, கைவசம் 8. ஆனால் ஏரிக்கு ஏரி சிறப்பு விதி உண்டு, நீள வரம்பும் உண்டு. அதனால் கிளம்பும் முதல் நாள் அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தில் 'இலெவன் மைல் ரிசர்வாயர்' என்ற வரியைத் தேடிப் படித்துவிடுங்கள், அதில் உள்ளதுதான் சட்டம். புத்தகம் லைசென்ஸ் விற்கும் கடையில் இலவசம். 'கைவசம்' என்றால் ஐஸ் பெட்டியில் இருப்பது மட்டுமல்ல, வீட்டு ஃப்ரீசரில் இருப்பதும் சேர்த்து. வாராவாரம் போய் ஃப்ரீசரை நிரப்பும் வேலை இங்கே ஆகாது. நீள வரம்பு உள்ள நீரில் பிடித்த மீனை வீட்டுக்கு வரும்வரை தலையும் வாலும் வெட்டாமல் வையுங்கள்.

பைக்குக்கு கொலராடோவில் சில இடங்கள் தவிர வரம்பே இல்லை. டிரவுட் குஞ்சுகளைத் தின்று தீர்ப்பதால், பிடித்தால் கொண்டு போங்கள் என்றுதான் துறையும் சொல்கிறது. ஆனால் கொன்று கரையில் வீசிவிட்டு வருவது குற்றம். எடுத்தால் சமைக்க வேண்டும்.

8. சமையல்

டிரவுட் மென்மையான சதை. குழம்பில் போட்டுக் கொதிக்க விட்டால் கரைந்துவிடும். மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, எலுமிச்சை தடவி முழுசாகத் தோசைக்கல்லில் வறுங்கள்.

பைக்கை முள்ளுக்குப் பயந்து பலர் ஒதுக்குகிறார்கள், அது வீண். வெள்ளைச் சதை, நல்ல ருசி. முதுகுப் பக்கச் சதைக்குள் கவட்டை மாதிரிப் பிரிந்த முள் வரிசை ஓடும். கத்தியால் எடுக்கப் பழகும்வரை இரண்டு வழி. தோலை உரிக்காமல் விட்டு, சதையை அரை விரற்கடைக்கு ஒரு கீறலாக நெருக்கமாகக் கீறி மொறுமொறுவென்று பொரித்தால் முள் தெரியாது. அதைவிட எனக்குப் பிடித்தது புட்டு. சுறாவுக்குச் செய்வதுபோல ஆவியில் வேகவைத்து, ஆறியதும் கையால் உதிர்த்தால் முள் எல்லாம் தனியே வந்துவிடும். வெங்காயம், பூண்டு, பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டிக் கிளறுங்கள். பெரிய பைக் ஒன்று இருந்தால் நாலு குடும்பம் சாப்பிடலாம்.

மற்ற மீனைத் தின்று வளரும் பெரிய மீனில் பாதரசம் சேரும். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் இருக்கும் வீட்டில் சிறிய பைக்காக எடுங்கள், எந்த நீருக்கு எச்சரிக்கை இருக்கிறது என்பதை மாநிலச் சுகாதாரத் துறைப் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். கழிவைக் கரையில் விடாமல், மீன் சுத்தம் செய்ய ஒதுக்கிய இடத்திலோ வீட்டுக் குப்பையிலோ போடுங்கள். ஃப்ரீசரில் வைக்கும் பொட்டலத்தின் மேல் மீன் பெயர், எண்ணிக்கை, தேதி, ஏரி நான்கையும் எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை கிளம்பும்போது கைவசம் எத்தனை என்று எண்ணிப் பார்க்க அது உதவும்.